கால் முளைத்த களஞ்சியங்கள்

கணவாய் உச்சிக்கு இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம் இருந்தது. அப்போதுதான் என் இடது கால் பூட்ஸ் வாயைப் பிளந்தது. முன்பக்கம் மட்டும்தான் போலிருக்கிறது என்று இன்னும் நாலடி வைத்தேன். அடிப்பாகம் முழுவதும் கழன்று குதிகாலில் மட்டும் தொங்கிக்கொண்டு, தேய்ந்த ஹவாய் செருப்புபோல 'படக் படக்' என்று அடிக்க ஆரம்பித்தது. பதினோரு வருடங்களுக்கு முன்பு வாங்கியது. மூன்று தடவைதான் போட்டிருப்பேன். மற்ற நாளெல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பீரோவுக்கு மேலே பத்திரமாக இருந்தது.

"அந்தப் பத்திரம்தான் அதைக் கெடுத்துவிட்டது" என்றார் எங்கள் வழிகாட்டி. ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. கீழே தெரிகிற எரான் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர். என் காலருகே மண்டியிட்டு உட்கார்ந்து அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தார். பாலியூரித்தேன் விரலோடு மாவுமாவாக உதிர்ந்தது. காற்றிலிருக்கும் ஈரம் இந்தப் பொருளை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகச் செய்யுமாம். போட்டு நடந்துகொண்டே இருந்தால் இத்தனை சீக்கிரம் போகாதாம். ஒவ்வொரு கோடையிலும் இப்படி ஒருவராவது அவருக்கு வாய்த்துவிடுவார் என்பது, அவர் பையிலிருந்து வெள்ளி நிறத் தடித்த டேப்பும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளும் வந்த வேகத்திலேயே தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் என் கால் கட்டுப்போட்ட நோயாளியாகிவிட்டது. "இனி காலை வீசி வைக்காதீர்கள். தரையில் முழுசாக அழுத்தி வையுங்கள். நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் நடையும் அதுதான்."

ஸ்விட்சர்லாந்தின் தென்மேற்கில் வாலே என்றொரு மாநிலம். நடுவில் ரோன் ஆறு ஓடுகிறது. தெற்கே இத்தாலிய எல்லை மலைகளிலிருந்து அந்த ஆற்றை நோக்கி விரல்கள்போலப் பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. பிரான்சின் ஷாமொனியிலிருந்து ட்ஸெர்மாட் வரை இந்த விரல்களையெல்லாம் குறுக்கே வெட்டிப் போகும் நடைபாதையை 'ஓத் ரூட்' என்கிறார்கள், உயர்வழி என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மலையேறிகள் பனியாறுகளின் மேலேயே போன வழி இது. எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கீழே, ஊர்கள் வழியாகப் போகிற பாதை இருக்கிறது. முழுவதையும் நடக்க ஏறக்குறைய இரண்டு வாரமாகும். நாங்கள் எட்டுப் பேர், ஒரு வழிகாட்டி, ஆறு நாள், கிழக்குப் பாதி. நான்கு பள்ளத்தாக்கு, நான்கு கணவாய். பெரிய பெட்டிகள் வேனில் அடுத்த ஊருக்குப் போய்விடும். முதுகில் தண்ணீர், மழைச் சட்டை, மதியச் சாப்பாடு மட்டும். இதைக்கூட நடைப்பயணம் என்று சொல்லிக்கொள்ளலாமா என்ற கூச்சம் முதல் நாள் இருந்தது. இரண்டாம் நாள் ஏற்றத்தில் அது போய்விட்டது.

சியோன் ரயில் நிலையத்திலிருந்து மஞ்சள் தபால் பஸ்ஸில் ஏறியதுமே எரான் பள்ளத்தாக்கு தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. யூசேஞ் என்ற ஊருக்கு அருகே மண்கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. பனியாறு விட்டுச்சென்ற மண்ணை மழை அரித்தபோது, மேலே பாறாங்கல் குடை பிடித்த இடம் மட்டும் தப்பித்துக் கோபுரமாக நின்றுவிட்டது. தார்ச்சாலை அவற்றைச் சுற்றிப் போகாமல் நடுவே குகை குடைந்து போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் மூன்று சுரக் குழல் ஒன்றை ஊதுகிறார். ரொஸ்ஸினியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்த சுரங்களாம். எங்கள் ஊர் மலைப் பஸ்களின் ஏர்ஹாரனுக்குப் பழகிய காதுக்கு, ஓரமாக ஒதுங்கச் சொல்லிக் கெஞ்சுவதுபோல் இருந்தது.

முதல் இரவு லா சாஜில், 1,667 மீட்டர் உயரம். மறுநாள் காலை கிளம்பும் இடத்தில் மஞ்சள் பலகை. ஸ்விட்சர்லாந்து முழுக்க இந்தப் பலகைகள்தான். ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் நடைபாதையில் பெரும்பகுதிக்கு ஒரே நிறம், ஒரே எழுத்து. 1934லிருந்து இந்த ஒழுங்கு. இவை தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கின்றன. சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் 'இதோ, கூப்பிடு தூரம்தான்' என்று சொல்லி நாலு மைல் நடக்கவிடுவார்கள். இங்கே அந்த ஆறுதலுக்கு இடமில்லை. ஆனால் ஒன்று, தூரத்தை நேரத்தால் அளப்பது நமக்குப் புதிதல்ல. 'ஒரு நாழிகை நடை' என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நடந்தே வாழ்ந்தவர்களுக்கு அதுதான் அளவு. பலகையைப் பார்த்ததுமே இது நடக்கிறவர்கள் நாடு என்று பட்டது. எத்தனை தூரம் உண்மை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

வழிகாட்டியின் நடை எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவானது. முதல் அரைமணி நேரம் என் பின்னால் வந்த பெல்ஜிய இளைஞர் இரண்டு தடவை அவரை முந்தினார், இரண்டு தடவையும் பணிவாகப் பின்னுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய கணக்கு எளிது: பேசிக்கொண்டே ஏற முடியவில்லையென்றால் வேகம் அதிகம். மூச்சு வாங்க நிற்கிற நடை நடையல்ல. ஒரு காலை ஊன்றி, பாரம் முழுவதையும் அதில் இறக்கி, அடுத்த காலை எடுக்குமுன் ஒரு கண இடைவெளி. கோயிலில் உற்சவர் பல்லக்கைத் தூக்கிவருபவர்கள் மெல்ல ஆட்டி வைக்கிற அடி நினைவுக்கு வந்தது. இந்த அடியிலேயே மூன்றரை மணி நேரம் நிற்காமல் ஏறினோம். முந்திப்போகத் துடித்தவர் மூன்றாவது மணியில் கடைசியாக வந்துகொண்டிருந்தார். பிளந்த பூட்ஸோடு நானும் அவருக்குத் துணையாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொரான் கணவாய் சுமார் 2,900 மீட்டர். மேற்கே திரும்பினால் வந்த பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில். தெற்கே தான் ப்ளான்ஷ், 4,357 மீட்டர். 'வெள்ளைப் பல்' என்று பொருள். பல்லுக்குப் பிரெஞ்சில் 'தான்' என்றதும் தந்தம் நினைவுக்கு வந்தது. இரண்டும் தொலைதூர உறவுக்காரச் சொற்கள்தான், நமக்கு சமஸ்கிருதம் வழியாக வந்தது, அவர்களுக்கு லத்தீன் வழியாக.

கிழக்கே இறங்கும் சரிவில்தான் அந்த மாடுகளைப் பார்த்தேன். விளம்பரங்களிலும் சாக்லேட் உறைகளிலும் வருகிற வெளுத்த ஸ்விஸ் பசு இல்லை இது. கருத்த உடம்பு, குட்டைக் கால், கழுத்தில் காளையின் தசை. எரான் இனம். பால் குறைவுதான், ஆனாலும் எவரும் இதைக் கைவிடவில்லை, காரணம் சண்டை. பசுக்களே சண்டை போடும். கோடைத் தொடக்கத்தில் வெவ்வேறு வீட்டு மாடுகளை ஒரே மேய்ச்சலுக்கு ஓட்டிவிடும்போது, யார் முன்னால் போவது என்பதை அவை முட்டித் தீர்த்துக்கொள்கின்றன. தோற்றது ஒதுங்கிப் போய்விடும். ஜெயித்தவள் அந்தக் கோடைக்கு ராணி. மனிதர்கள் இதை மைதானத்துக்குக் கொண்டுவந்து போட்டியாக்கிவிட்டார்கள். கொம்பு முனையை மழுக்கிவிட்டு, உடம்பில் எண் எழுதி, வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பார்க்கிறார்கள். முட்டச் சொல்லி மாட்டை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. முட்ட மனமில்லாத மாடு புல் மேயப் போய்விட்டால் அவ்வளவுதான், சண்டை முடிந்தது. 'உங்கள் ஊரிலும் மாட்டோடு ஏதோ உண்டாமே' என்று வழிகாட்டி கேட்டார். அங்கே மாடு மாட்டோடு மோதாது, மனிதனோடு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாடு ஒத்துக்கொள்கிறதா?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்து, இறக்கம் செங்குத்தாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

சரிவின் அடியில் முவாரி ஏரி, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு நிறம். பனியாறு பாறையை அரைத்த மாவு தண்ணீரில் மிதப்பதால் வருவது. ஏரி என்று சொல்கிறோம், உண்மையில் 1950களில் கட்டிய, 148 மீட்டர் உயர அணை அடைத்துவைத்த நீர். அணைக்கட்டில் பஸ் நிற்கிறது. மற்றவர்கள் அன்று தங்கவிருந்த கிரிமென்ட்ஸ் ஊருக்கு நடந்தார்கள், நான் கால் கட்டோடு பஸ்ஸில் போய் விளையாட்டுப் பொருள் கடையில் புது பூட்ஸ் வாங்கினேன். விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பழகாத தோல் அடுத்த இரண்டு நாள் என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் போட்டது தனிக் கதை.

கிரிமென்ட்ஸில் நான் போக வேண்டும் என்று நினைத்து வந்தது ஒரு திராட்சை ரசக் கிடங்கு. போய்ப் பார்த்த பிறகு மனதில் நின்றதோ எலி.

ஊரின் பழைய தெருவில் வீடுகள் எல்லாம் லார்ச் மரத்தில் கட்டியவை. நூற்றாண்டுக் கணக்கில் வெயில் சுட்டு, கருங்காலிபோல் கறுத்துப்போன மரம். நடுநடுவே, குட்டைக் கால்களின் மேல் நிற்கிற சின்ன வீடுகள். ரக்கார் என்பது அவற்றின் பெயர், கம்புபோன்ற ரை தானியத்தைக் கதிரோடு அடுக்கிவைக்கும் களஞ்சியம். ஒவ்வொரு காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே அம்மிக்கல் அகலத்துக்கு வட்டமான தட்டைக் கல் ஒன்று செருகியிருக்கிறது. எலி மரக்காலில் ஏறிவிடும். கல்லின் அடிப்புறத்தில் தலைகீழாகத் தொங்கி விளிம்பைத் தாண்ட முடியாது. இவ்வளவுதான் தொழில்நுட்பம். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்த கல், எண்ணெய் தேய்த்ததுபோல வழுவழுவென்று இருந்தது. நம் குதிருக்கும் பத்தாயத்துக்கும் எலியோடு நடந்த போர் இங்கேயும் நடந்திருக்கிறது, இவர்கள் கொஞ்சம் கெட்டியாக ஜெயித்திருக்கிறார்கள்.

ரையை அரைத்து ஊர்ப் பொது அடுப்பில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் ரொட்டி சுடுவார்கள். விறகு அத்தனை அருமை. மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடும் ரொட்டி கல்லாகிவிடும். பலகையில் ஒரு முனை பொருத்திய கத்தியை நெம்பித்தான் வெட்ட வேண்டும். இன்று கடையில் கிடைப்பது மெத்தென்ற ரகம். வழிகாட்டி மதியத்துக்குக் கொண்டுவந்ததும் அதுதான், கொஞ்சம் புளிப்பு, களிமண் நிறம். பிடித்திருந்தது.

இனி அந்தக் கிடங்கு. 1550இல் கட்டிய ஊர்ப் பொதுவீட்டின் அடித்தளம். குனிந்துதான் நுழைய வேண்டும். லார்ச் மரப் பீப்பாய்கள் வரிசையாக. மிகப் பழையது 1886ஆம் ஆண்டினது, 'ஆயரின் பீப்பாய்' என்று பெயர். இதில் இருப்பதைப் பனியாற்று ரசம் என்கிறார்கள். பீப்பாயை எந்தக் காலத்திலும் காலி செய்வதில்லை. எடுத்த அளவுக்கு அதைவிட இளைய பீப்பாயிலிருந்து ஊற்றி நிரப்புவார்கள், அதற்கு அதைவிட இளையது. அப்படியென்றால் 1886இல் ஊற்றியதில் ஒரு துளியாவது இன்னும் உள்ளே இருக்க வேண்டும். இதைக் கேட்டு மற்றவர்கள் வியந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அது உறைமோர்க் கணக்கு. என் அம்மா நேற்றைய தயிரில் ஒரு கரண்டி மிச்சம் வைத்து இன்றைய பாலில் விடுவார், அவருடைய அம்மாவும் அப்படித்தான். ஒரு விரற்கடை ஊற்றித் தந்தார்கள். மரப்பிசின், வால்நட் தோல், பூட்டிவைத்த பழம்பெட்டியின் வாசனை. ருசி என்று சொல்லமாட்டேன். இதற்காக யாரும் மலையேற வேண்டாம்.

ஆனால் இந்த உயரத்தில் திராட்சை விளையாதே, பிறகு ரசம் எப்படி வந்தது? இந்த நாட்டைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்விதான் திறவுகோலாக இருந்தது. கிரிமென்ட்ஸ் இருக்கிற ஆனிவியே பள்ளத்தாக்கின் மக்களுக்குத் திராட்சைத் தோட்டம் கீழே ரோன் கரையில், சியேர் நகரைச் சுற்றி. 500 மீட்டர் சொச்சம் உயரம். தானியமும் வீடும் 1,500 மீட்டரில். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மாடு நிற்கிற இடைக்குடில்கள் அதற்கு மேலே. கோடை மேய்ச்சல் 2,000க்கும் மேலே. ஒரே குடும்பத்துக்கு இந்த நான்கிலும் துண்டு துண்டாக நிலம். ஆகவே குடும்பம், மாடு, பன்றி, பாத்திரம், சில சமயம் பாதிரியாரும் வாத்தியாருமாக வருடம் முழுவதும் ஏறுவதும் இறங்குவதும்தான் வாழ்க்கை. சியேரில் மலையூர்க்காரர்களுக்குத் தனிக் குடியிருப்புகள் உண்டு. வசந்தத்தில் கொடி கொத்த இறங்கும்போது குழலும் பறையும் முழங்க வருவார்கள். பொதுத் தோட்டத்து வேலை தாளத்தோடு நடக்கும். ரசத்தை மேலே கொண்டுவந்தது கோவேறு கழுதை. அங்கே குளிரில் பழுத்ததால் அதற்குப் பனியாற்றுப் பெயர்.

சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபாகம் என்பதால் நிலம் மட்டுமல்ல, களஞ்சியமும் பாகமானது. ஒரு ரக்காரில் கால் பங்கு, ஒரு மாட்டுக்கொட்டிலில் எட்டில் ஒன்று என்று பத்திரங்கள் உண்டு. நம் ஊரில் கிணற்றில் ஆறில் ஒரு பங்கு என்று எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அண்ணன் தம்பிச் சண்டை உட்பட எல்லாம் பிடிபட்டுவிடும்.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சியேருக்குப் பக்கத்தில் ஷிப்பியில் அலுமினிய ஆலை வந்தது. பிறகு அணைகள், பிறகு பனிச்சறுக்கு. கூலி கிடைத்ததும் ஏறி இறங்குவதற்கு அவசியமில்லாமல் போனது. அந்த நடை நின்று இரண்டு தலைமுறைதான் ஆகிறது. அதே தடத்தில் நடப்பதற்கு இப்போது எங்களைப் போன்றவர்கள் பணம் கட்டி வருகிறோம். பயண அட்டைகளில் 'இயற்கை அழகு' என்று போட்டிருக்கிற புல்வெளியும் பழமையான மரவீடும் ஏழைகள் முதுகொடிய உழைத்துப் போட்ட கோலம். புல்வெளியை மேய்க்காமல் அறுக்காமல் விட்டால் பத்திருபது வருடத்தில் புதரும் காடும் ஏறிவிடும் என்று வழிகாட்டி ஒரு சரிவைக் காட்டினார். பாதி ஏறியிருந்தது.

அன்றிரவு விடுதி ஜன்னலில் நின்று எதிர்ச்சாரி வீடுகளை எண்ணினேன். பதினேழில் நான்கில் விளக்கு. மற்றவை நகரத்தாரின் விடுமுறை வீடுகள். இந்த இருட்டு ஸ்விஸ் அரசியலிலும் விஷயமானது. 2012இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று நாடு தீர்மானித்தது. நகரங்கள் ஆதரித்தன, வாலே கடுமையாக எதிர்த்தது. அழகைக் காப்பாற்றுங்கள் என்று நகரம் சொல்கிறது, எங்கள் பிழைப்பை யார் காப்பாற்றுவது என்று மலை கேட்கிறது. எனக்கு மலையின் கேள்விதான் நியாயமாகப் பட்டது. பூட்டிய ஜன்னல்களைப் பார்த்தால் வாக்கெடுப்பின் நியாயமும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

அதற்கு முன்பு சாப்பாட்டில் ஒரு சங்கதி. நான் அசைவம் சாப்பிடுவதில்லை. இந்த ஊர்களில் அதற்கு ஒரே விடைதான், பாலாடைக்கட்டி. மூன்றாம் நாளாக அதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தபோது, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் எட்டிப்பார்த்தார்.

"நீங்கள் தமிழோ அண்ணை?"

யாழ்ப்பாணத்துக்காரர். வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறதாம். ஸ்விட்சர்லாந்தின் உணவக அடுக்களைகளில் ஈழத்தமிழர் இல்லாத ஊர் அரிது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் 1,570 மீட்டரில் எதிர்பார்க்கவில்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டுத் தாளித்த ஒரு கூட்டு அரைமணியில் வந்தது. தொரான் கணவாயைப் பற்றி நான் பெருமையாக ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். "நான் ஒருநாளும் மேல போகேல்லை. லீவு கிடைச்சா கீழ சியேருக்கு இறங்கிப் போவன். இந்த மலையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு." போகும்போது காகிதத்தில் பொதிந்து ஆறு பச்சை மிளகாய் கொடுத்தார். "மேல ஒண்டும் கிடையாது. வச்சுக்கொள்ளுங்கோ."

நான்காம் நாள் சொரெபுவா கணவாய் வழியாக ஸினால். பாதி தூரம் பனிச்சறுக்குக் கம்பிவடங்களும் கான்கிரீட் தூண்களும். சொல்ல ஒன்றுமில்லை. ஸினாலில் ஒரு தகவல் மட்டும். சியேரிலிருந்து இங்கே 31 கிலோமீட்டர் மலையோட்டம் 1974லிருந்து நடக்கிறது. ஏறத்தாழ 2,200 மீட்டர் ஏற்றம். முதலில் வருகிறவர்கள் இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் அன்று நடந்தது ஆறு மணி நேரம், பிறகு படுத்தது இரண்டு மணி நேரம்.

ஃபோர்க்லெட்டா கணவாயைத் தாண்டினால் மொழி மாறுகிறது. ஆறு கிடையாது, சாவடி கிடையாது, ஒரு கல் மேடு. இந்தப் பக்கம் எதிரே வருபவர் 'போன்ஜூர்' என்கிறார், அந்தப் பக்கம் ஜெர்மன் வணக்கம். வாலே ஜெர்மன் பெர்லின்காரருக்கே புரியாது என்கிறார்கள். அதுவரை கலகலப்பாக இருந்த எங்கள் வழிகாட்டி இந்தப் பக்கம் வந்ததும் அடக்கமாகிவிட்டார். "இங்கே நானும் விருந்தாளிதான்" என்றார். வீட்டிலிருந்து நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

கீழே குரூபென். வெள்ளைத் தேவாலயம், சில வீடுகள், பழைய விடுதி ஒன்று. குளிர்காலத்தில் இங்கே யாரும் இருப்பதில்லை. ஊரே பூட்டிக்கொண்டு கீழே போய்விடும். அன்றிரவு ராக்லெட். அரைவட்டப் பாலாடைக்கட்டியை அனலில் காட்டி, உருகும் மேல்தோலை வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துவிடுவார்கள். பச்சை மிளகாயில் இரண்டை அரிந்து வைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெல்ஜிய இளைஞரும் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அடுத்த பத்து நிமிடம் அவர் பேசவில்லை. பிறகு இன்னொன்று கேட்டார்.

ஆறாம் நாள் ஆக்ஸ்ட்போர்ட் கணவாய். 2,893 மீட்டர். காலையிலேயே பனிமூட்டம், மார்மோட் என்ற மலைக் கொறிணிகளின் விசில் மட்டும் கேட்டது. கோவேறு கழுதைகள் போன காலத்துக் கல்தளம் இன்னும் சில இடங்களில் சிதையாமல் கிடக்கிறது. இறங்கும் வழியில் மலைத்தோளைச் சுற்றியதும் மூட்டம் விலகி வடக்கே ரோனுக்கு அப்பால் கூர்மையான ஒரு சிகரம் நின்றது. பீட்ஸ்ஹோர்ன். வழிகாட்டி கைத்தடியால் அதைச் சுட்டினார். அதற்குப் பின்னால்தான் லோட்ஷென் பள்ளத்தாக்கு, ப்ளாட்டன் என்ற ஊர். 2025 மே 28 பிற்பகலில் மேலிருந்த பனியாறு பாறைகளோடு சரிந்து ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. ஒன்பது நாள் முன்பே சுமார் முந்நூறு பேரையும் மாடுகளையும் வெளியேற்றிவிட்டிருந்ததால் ஊரார் பிழைத்தார்கள். ஒருவர் மட்டும் இறந்தார். பல நூறாண்டு வீடுகள், தேவாலயம் எல்லாம் சில நிமிடங்களில் சேறும் கல்லுமாகின. நாங்கள் நின்றது அதற்கு மூன்று மாதம் கழித்து. அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் எங்களுக்குச் சொல்லித்தந்த அதே மெதுநடையில் இறங்கத் தொடங்கினார்.

யூங்கன் 2,000 மீட்டரில், மலைவிளிம்பில் தொங்குகிற ஊர். வெள்ளைத் தேவாலயத்தின் சுவரைத் தாண்டி ஓரடி வைத்தால் பள்ளம். கார் வரும் சாலை கிடையாது. நான்கு பேர் உட்காரும் கூண்டு ஒன்று கம்பிவடத்தில், கீழே ரயில் நிலையமிருக்கும் சங்க்ட் நிக்லாவுஸுக்கு இறங்குகிறது. மற்றவர்கள் நடந்தார்கள். என் முழங்கால் கூண்டைத் தேர்ந்தெடுத்தது. கூடவே இரண்டு மளிகைப் பெட்டியும் ஒரு நாயும்.

ரயிலில் ரோன் பள்ளத்தாக்குக்குத் திரும்பும்போது இடப்பக்கம் மேலே ஓர் ஊர் இருப்பதாக வழிகாட்டி சொன்னார், ஜன்னலில் பாறைதான் தெரிந்தது. தோர்பெல். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொதுவளங்களை ஊராரே காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், தன் 1990ஆம் ஆண்டு நூலில் முன்வைத்த சான்றுகளில் ஒன்று இந்த ஊர். இங்கே ஆய்வு செய்தவர் ராபர்ட் நெட்டிங் என்ற மானுடவியலாளர். 1483லிருந்தே இந்த ஊரார் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி எழுதிவைத்த ஆவணம் இருக்கிறது. 1517இல் ஒரு விதி: குளிர்காலத்தில் தன் வைக்கோலில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மீறினால் அபராதம். தனி அளவை வேண்டாம், பக்கத்து வீட்டு வைக்கோல்போர் கண்ணுக்குத் தெரியும். எங்கள் தாமிரபரணிப் பக்கத்தில் மடைத்தண்ணீரை முறைவைத்து விட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது.

இதை ஆறு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்கிறவர்கள் குறைவு" என்றார். "பெரும்பாலும் ட்ஸெர்மாட்டையும் மாட்டர்ஹோர்னையும்தான் கேட்பார்கள்."

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் கடைசிக்கு முன்பு கணவாய்களில் பனி கிடக்கும். செப்டம்பர் நடுவுக்குப் பிறகு விடுதிகள் மூடத் தொடங்கும். ஆங்கிலம் பேசும் உள்ளூர் வழிகாட்டி கிடைப்பார், அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவராகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். பச்சை மிளகாய் எடுத்துப்போங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாகவே பீரோவுக்கு மேலிருக்கும் பூட்ஸை இறக்கி, இரண்டு கையாலும் நன்றாக வளைத்துப் பாருங்கள்.